வாசம் இல்லாத ட்ரம்

எந்த ஊருக்குப் போனாலும், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற இடம் ஒன்று கண்ணில் பட்டால் உள்ளே எட்டிப் பார்ப்பேன். பாட்டு சொல்லிக் கொடுக்கிறார்களா, சுவரில் யானைப் படம் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்ப்பதில்லை. குடிக்கிற தண்ணீர் எதில் இருக்கிறது, அந்தப் பாத்திரம் இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்பேன். பல இடங்களில் ஆயாக்களுக்கு என் கேள்வி பிடிப்பதில்லை. தாடியும் தோள்பையுமாக நிற்கிற ஆளைப் பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று கூச்சல் போட்டிருக்கிறார்கள். ஒரு ஊரில் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. சந்தேகப்படுகிற ஆயா நல்ல ஆயா. ஆனால் என்னைச் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர்கூட அந்தப் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டதில்லை.

நான் ஏழாம் வகுப்பின் நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். மெட்ராசில் ஒரு ஹோட்டலில் மாவரைத்தேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், அந்தமானுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னதும் கப்பலேறினேன். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு வருடம் கட்டட வேலை. ஹேவ்லாக்கில் வங்காளிக் குடியேற்றக்காரர் ஒருவரின் நிலத்தில் ஒரு நெல் போகம். எந்த இடத்திலும் இரண்டாவது மழைக்காலம் வரை நான் தங்கியதில்லை. அப்படித்தான் எழுபதுகளின் தொடக்கத்தில், மாயாபந்தருக்குத் தெற்கே உப்பங்கழி ஓரத்தில் இருந்த ஒரு மரக் கேம்புக்கு வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது இருக்கும்.

காட்டுக்குள் மரம் வெட்டியவர்கள் ராஞ்சிக்காரர்கள். வெட்டிய மரத்தை யானைகள் இழுத்தன. அந்த மரம் கழிக்கு வந்து சேர ரோடு வேண்டும். ரோடு போட்டவர்கள் நம் ஆட்கள்; ராமநாதபுரத்துக்காரர்கள், சேலத்துக்காரர்கள், தெலுங்கர்கள் சில குடும்பம். ஆண்கள் மண் வெட்டினார்கள். பெண்கள் கல் உடைத்துச் சுமந்தார்கள். எனக்கென்று ஒரு வேலை கிடையாது. கூரைக்கு ஓலை கட்டுவேன், ஸ்டோரிலிருந்து அரிசி எடுத்து வருவேன், டுங்கி என்று அங்கே சொல்லும் சின்னப் படகைத் தள்ளுவேன், எழுதத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன்.

கைப்பிள்ளைகளை ரோட்டோரக் கிளைகளில் சேலைத் தூளி கட்டிப் போட்டிருப்பார்கள். நடக்கிற பிள்ளைகளை, இடுப்பில் துணி முடிந்து, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் கட்டி வைப்பார்கள். கழியில் முதலை இருந்தது. அதனால் கட்டுவதில் தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. அட்டை கடித்து இரத்தம் ஒழுகும் காலோடு பிள்ளைகள் கட்டையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். துணி சுற்றிச் சுற்றிக் குறைந்து, கடைசியில் கட்டையோடு ஒட்டிக்கொண்டு நின்று அழுவார்கள். அம்மாக்காரி வந்து எதிர்ப்பக்கமாக நடத்தி அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கல்லுக்குப் போவாள்.

ஒருநாள் ரோட்டைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் இதைப் பார்த்துவிட்டார். "யே பச்சா ஹை யா பக்ரி?" என்று காண்ட்ராக்டரிடம் கத்தினார். பிள்ளையா ஆடா என்று அவர் கேட்டது காண்ட்ராக்டருக்கு உறைத்ததோ இல்லையோ, ஒரு வாரத்தில் ஒரு ஷெட் எழுந்தது. நான்கு பக்கமும் இடுப்பளவு மூங்கில் தட்டி, பாதிக் கூரை ஓலை, பாதி தகரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைப் போட்டார்கள். நாங்கள் ஆயாம்மா என்று கூப்பிட்டோம்.

அவர் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து புருஷனோடு தீவுக்கு வந்தவர். தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்திருந்தார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். எங்கள் ஷெட்டையும் அவர் காம்பரா என்றே சொன்னார்.

"தொரைக்கு எங்க மேல என்னா பாசம்? ஒண்ணுங் கெடையாது தம்பி," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா காம்பராவுல ஒரு புள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா, யாரு பொறுப்புன்னு பொஸ்தகத்துல பேரு இருக்கும். அந்தப் பேருக்காரன் ஒழுங்கா இருப்பான். அம்புட்டுதான் விசயம்."

வந்த முதல் வாரமே காண்ட்ராக்டரிடம் போய் நின்று, தரையை உயர்த்திப் பலகை போட வேண்டும், பதினோரு பிள்ளைக்கு இன்னொரு பெண் வேண்டும், பிள்ளைகளுக்குத் தனித் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். காண்ட்ராக்டர் சிரித்தார்.

"இதென்ன கவர்னர் பங்களாவா? தண்ணிக்கு வேணும்னா ஏதாச்சும் பண்ணிக்க. இவன் சும்மாதான சுத்துறான்," என்று என்னைக் கை காட்டினார்.

கேம்பில் எல்லோரும் குடித்தது நாலா என்று அங்கே சொல்லும் ஓடைத் தண்ணீர். கோடையில் அந்த ஓடை வற்றி, யானைகள் படுத்துப் புரளும் குட்டையாகிவிடும். மழை வந்ததும் தகரக் கூரையிலிருந்து வழிகிற தண்ணீரைப் பிடித்து, மூடி போட்டு, குழாய் வைத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது ஆயாம்மாவின் யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் பிடிக்க ஒரு ட்ரம் வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவருவது என் வேலை.

தீவில் ட்ரம் என்பது சொத்து. எல்லாச் சாமானும் கப்பலில் வந்தாக வேண்டும்; சாமான் தீர்ந்த பிறகும் ட்ரம் மிஞ்சும். டீசல் ட்ரம், தார் ட்ரம், மண்ணெண்ணெய் ட்ரம் எதையும் யாரும் தூக்கிப் போட்டதில்லை. உள்ளே நெருப்பு வைத்து எரித்து, மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார்கள். வாசம் போயிருந்தால் ட்ரம் சுத்தம். வங்காளி, தெலுங்கன், மலையாளி, தமிழன் எல்லோருக்கும் இந்த ஒரு சோதனைதான் தெரியும். கல்யாணச் சமையலுக்கே தார் ட்ரம்மில்தான் தண்ணீர் நிற்கும்.

ஜெட்டிக்குப் பக்கத்தில் காண்ட்ராக்டரின் ஸ்டோர். அதன் பின்னால் காலி ட்ரம்கள் மலையாகக் கிடந்தன. ஸ்டோர்காரர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்.

"பிள்ளைங்க குடிக்கிறதுக்குண்ணே. டீசல் நாத்தம் அடிச்சா குடிக்க மாட்டேங்கும். நல்லதா ஒண்ணு குடுங்க," என்றேன்.

"நான் என்னத்த குடுக்க? எல்லாம் காலி மால்தான் கெடக்கு. ஒனக்குப் புடிச்சத உருட்டிக்க."

ஒவ்வொன்றாகத் தலையை விட்டுப் பார்த்தேன். டீசல், தார், கெட்டுப்போன எண்ணெய். அடியில் கிடந்த ஒன்றைப் புரட்டி எடுத்து மோந்தபோது எதுவுமே இல்லை. இரும்பு வாசம்கூட இல்லை. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, இதுல வாசமே இல்லண்ணே!"

"அப்ப அது ஒனக்குன்னே கப்பல் ஏறி வந்திருக்குலே. ஜல்தி கொண்டு போ. யானைக்காரன் கண்ணுல பட்டா தூக்கிருவான்."

ட்ரம்மின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கப்பலின் அடித்தட்டில் வரும் சாமானில் கடல் உப்பு பூத்திருப்பது வழக்கம். அப்படித்தான் இதுவும் என்று நினைத்தேன். ஒரு கிள்ளு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கலாம். வைக்கவில்லை. மணல் போட்டு மூன்று முறை தேய்த்தேன். கடல் தண்ணீரில் ஒருமுறை, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். மடிப்பிலும் அடிவிளிம்பிலும் கை எட்டாத இடத்தை விட்டுவிட்டேன். வெளியே பச்சைப் பெயின்ட் அடித்து, பிள்ளைகளுக்காக மஞ்சளில் ஒரு மீன் வரைந்தேன்.

ட்ரம்மைக் கூரையோரம் தூக்கி வைத்த அன்று பெண்கள் வேலை முடிந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ராமநாதபுரத்துக்காரி ஒருத்தி இருந்தாள். கேம்பில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவள் ஏதோ பேசியிருக்கிறாள் என்று அர்த்தம். மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மீனைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்டா தம்பி, இது மீனா, பிஞ்ச செருப்பா?"

"மீன்தான்க்கா."

"அப்ப வாலு எந்தப் பக்கம்னு எழுதிப் போடு. புள்ளைக கொழம்பிரும்." பிறகு மகளிடம், "ஒங்கப்பனுக்கே இப்பிடிப் பைப்புத் தண்ணி கெடையாதுடி. நீ மகராணி," என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கோடையின் முதல் பெருமழை வந்தது. ட்ரம் நிரம்பியது. மறுநாள் காலையிலிருந்து பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். குழாயைத் திறந்து மூடுவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்ததால் தாகம் இல்லாமலும் குடித்தார்கள். ஆயாம்மா அதில் ஒரு வாய் குடிக்கவில்லை. பிள்ளைகளின் பங்கில் கை வைப்பது அவருக்குத் திருட்டு மாதிரி. நாலாத் தண்ணீரையே குடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே வாந்தி தொடங்கியது. சாயங்காலம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வயிற்றால் போனது. லாஞ்ச் வந்து கழியில் நின்றாலும், தண்ணீர் ஏறினால்தான் கிளம்ப முடியும். ஏற்றத்துக்காகக் காத்திருந்தோம். மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். சேலத்துத் தம்பதியின் இரண்டு பையன்கள். தெலுங்கர் வீட்டுப் பையன் ஒருவன் ஆஸ்பத்திரியில் இறந்தான். ராமநாதபுரத்துக்காரியின் மகள் மூன்றாம் நாள் இறந்தாள். மற்ற பிள்ளைகள் தோல் சுருங்கிப் பிழைத்து வந்தன. தூளியில் கிடந்து தாய்ப்பால் மட்டும் குடித்த கைப்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேம்புக்கு வந்த கம்பவுண்டர் வாந்திபேதி என்று எழுதினார். காரணம் நாலாத் தண்ணீர் என்று எழுதி, ஓடையில் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொன்னார். ட்ரம் பக்கம் யாரும் திரும்பவில்லை. கேம்பிலேயே நல்ல தண்ணீர் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நாலாத் தண்ணீரைக் குடித்த பெரியவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்வி பெண்களுக்கு வந்தது. அது சரியான கேள்வி. அது போய் நின்ற இடம்தான் தப்பு.

"நாள் பூரா கூட இருந்தவ நீ. ஒனக்கு மட்டும் ஏன்டி ஒண்ணும் வரல? என்னத்த ஊட்டுன எம்புள்ளைக்கு?" என்று ராமநாதபுரத்துக்காரி ஆயாம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கண்டியிலிருந்து சூனியம் கொண்டுவந்தவள் என்று ஒருத்தி சொன்னாள். ஆயாம்மா தடுக்கவில்லை. "காம்பராவுல நான் ஒரு புள்ளையையும் சாகக் குடுத்ததில்ல," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காண்ட்ராக்டர் அவரையும் புருஷனையும் அடுத்த லாஞ்சில் ஏற்றி அனுப்பிவிட்டார். நான்தான் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் இருக்கும். ராஞ்சிக்காரன் ஒருவன், என் வயதுக்காரன், மழைக்கு ஒதுங்கக் காலி ஷெட்டுக்குள் வந்தான். நான் தட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அவன் ட்ரம்மின் விளிம்பைக் கையால் தடவினான். பெயின்டுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உளிவெட்டு இருந்தது. நானும் பார்த்திருந்தேன். கப்பலில் இடிபட்டதாக்கும் என்று விட்டிருந்தேன்.

"யே ஹமாரா ட்ரம் ஹை," என்றான். "பேட் மார்னேவாலா." எங்கள் ட்ரம், மரத்தைக் கொல்கிறது என்கிறான்.

காட்டில் வேண்டாத மரங்களை வெட்டி நேரம் வீணாக்க மாட்டார்கள். அடியில் சுற்றிலும் பட்டையைச் செதுக்கி, அந்த வளையத்தில் விஷத்தை ஊற்றிவிடுவார்கள். சில மாதத்தில் நூறடி மரம் நின்றபடியே செத்து இலை கொட்டும். அந்த விஷம் வரும் ட்ரம் அது. அதில் தங்கள் ஆட்கள் யாரும் தவறிச் சோறு வடித்துவிடக் கூடாது என்று அவர்கள் இரண்டு வெட்டுப் போட்டு வைப்பார்களாம். அந்த விஷத்துக்கு வாசம் கிடையாது என்றும் சொன்னான். இதெல்லாம் அவர்கள் குடிசை லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு லைனுக்கும் நடுவில் அரைமைல் தூரம் இருந்தது.

"இஸ்கா பானி கிஸ்னே பியா?" என்று கேட்டான். இதன் தண்ணீரை யார் குடித்தது என்கிறான்.

அவன் என்னைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், மழையோடு எழுந்து போய்விட்டான்.

நான் ட்ரம்மைக் கவிழ்த்தேன். அதை உருட்டிக் கழிச் சேற்றில் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது என்றுதான் முடிவு செய்தேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை. செத்த பிள்ளைகள் திரும்ப வரப்போவதில்லை, அடுத்த லாஞ்சில் வேறு ஊர் என்று நினைத்தேன். ஓடுவது எனக்குப் பழகிய வேலை.

ஏற்றத் தண்ணீருக்காக ஜெட்டியில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டோர்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏலே, வாசம் இல்லாத ட்ரம்முன்னு சொன்னியே, அதே மாதிரி இன்னும் ரெண்டு கெடந்துச்சு. வடக்க ரெண்டு கேம்புலயும் பிள்ளைங்களுக்கு ஷெட்டு போடுதாங்க. அங்க அனுப்பிட்டேன். ஒன் பேரச் சொல்லித்தான் அனுப்பினேன்."

லாஞ்சை விட்டுவிட்டு டுங்கியைத் தள்ளினேன். முதல் கேம்புக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனது. அங்கே ட்ரம் கூரையோரம் ஏறியிருந்தது. தகரத்திலிருந்து தண்ணீர் இறங்கும் மூங்கிலை அவர்கள் இன்னும் கட்டவில்லை. நாளை கட்டுவோம் என்றார்கள். அங்கே வேலை வாங்கும் மேஸ்திரியான மேட்டிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வாசமே இல்லாத ட்ரம்ம எவனாச்சும் கவுப்பானா? காண்ட்ராக்டர் சீட்டு கொண்டா," என்றான் அவன். நான் ட்ரம்மில் கை வைத்தேன். இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் டுங்கியில் போட்டார்கள்.

கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் கத்திச் சொன்னேன். ஒருத்தி நிமிர்ந்து, "அப்ப நாலாத் தண்ணியக் குடுக்கச் சொல்றியா? ஒங்க கேம்புல புள்ளைக செத்தது நாலாத் தண்ணியிலதான? கம்பவுண்டர் வந்து சொல்லிட்டுப் போனாரே," என்றாள்.

நாலாத் தண்ணீர் என்று கம்பவுண்டரின் காகிதத்தில் இருக்கும்வரை, விஷ ட்ரம்தான் நல்ல தண்ணீர். அது எனக்கு அந்த டுங்கியில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நான் வாய்ச்சொல்லால் எதையும் கவிழ்க்க முடியாது.

காண்ட்ராக்டரிடம் போனேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

"வாந்திபேதின்னு எழுதியாச்சு, கேஸ் பந்த். இப்ப ட்ரம்முன்னு எழுதினா மொதல்ல உள்ள போறது யாரு? எடுத்தவன் நீ. கழுவினவன் நீ. மீன் வரைஞ்சவனும் நீ. போய்ச் சோத்தத் தின்னுட்டுப் படு."

சீட்டு கொடுங்கள், அந்த இரண்டையும் கவிழ்த்தால் போதும், நான் எழுதவில்லை என்றேன். சீட்டுக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்றார்.

கேம்பில் கடிதம் எழுதுகிறவன் என்பதால் மனு பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். பிள்ளையைப் பறிகொடுக்காதவன் எழுதிய மனுவை எந்த ஆபீசிலும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெற்றவர்களின் கைநாட்டு வேண்டும். சேலத்துத் தம்பதி ஊருக்கே திரும்பிவிட்டார்கள். தெலுங்கர் வேறு கேம்புக்குப் போய்விட்டார். மிஞ்சியது ராமநாதபுரத்துக்காரி.

அவள் ரோட்டோரம் உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுத்தியலை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நான்கைந்து கல் உடைத்தாள்.

"மோந்து பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"என்ன வாசம் அடிச்சுச்சு?"

"ஒண்ணும் அடிக்கல."

"எனக்கும் அடிக்கல," என்றாள். "காலையில அவள விடுறப்ப நானும் டம்ளர மோந்து பாத்தேன்டா. மோந்து பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

இன்னும் ஒரு கல்லை உடைத்தாள்.

"கண்டிக்காரிய மயிரப் புடிச்சு இழுத்தேனே."

சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அந்த ரெண்டு கேம்புலயும் எத்தன புள்ளைக?"

"இருவது இருக்கும்க்கா."

"எழுது."

முன்பே எழுதி வைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். இந்த ட்ரம்மைத் தேர்ந்தெடுத்து, கழுவி, பிள்ளைகளுக்கு வைத்தவன் நான் என்று முதல் வரியில் இருந்தது. பிறகு ஆயாம்மா கேட்டதெல்லாம் இருந்தது: பலகைத் தரை, இரண்டாவது பெண், பொறுப்பாளியின் பெயர் எழுதிய புத்தகம். அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்காததன் காரணமும் இருந்தது. மை தடவிய கட்டைவிரலோடு அவள் காகிதத்தைப் பார்த்தாள்.

"ஒன் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"அதுக்குக் கீழ வைக்க மாட்டேன்," என்று சொல்லி, காகிதத்தின் மறுகோடியில் ரேகை வைத்தாள்.

மாயாபந்தர் ஆபீசில் அந்த மனுவை முன்பு ஆடா பிள்ளையா என்று கத்திய அதே அதிகாரியிடம் கொடுத்தேன். தமிழ் தெரிந்த கிளார்க் ஒருவர் படித்துச் சொன்னார். அதிகாரி இரண்டு முறை படிக்கச் சொன்னார். அன்றைக்கே லாஞ்ச் போனது. இரண்டு ட்ரம்களும் இறங்கின. ஒன்றில் முக்கால்வாசித் தண்ணீர் நின்றிருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மறுநாள் திறப்பதாக இருந்தார்களாம். போலீஸ்காரர் ஒருவர் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதிக்கொண்டார். பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. காண்ட்ராக்டரையும் கூப்பிடவில்லை. ஆயாம்மாமேல் தப்பில்லை என்று எங்கேயாவது எழுதினார்களா என்று கேட்டேன். அவர்மேல் தப்பென்றும் எங்கேயும் எழுதவில்லையே என்றார் கிளார்க்.

பத்திரமான ஏற்பாடு இல்லாமல் பிள்ளைகளை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. காண்ட்ராக்டர் அதை எழுத்து மாறாமல் நிறைவேற்றினார். மூன்று கேம்பிலும் ஷெட்டைப் பிரித்துவிட்டார். மறுநாளே பிள்ளைகள் அடிக்கட்டைகளில் கட்டப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் இதையே பார்த்துவிட்டேன். பிள்ளை செத்தால் முதலில் ஆயாவை விரட்டுகிறார்கள், அடுத்து இடத்தைப் பூட்டுகிறார்கள். பூட்டிய இடத்தில் பிள்ளை சாகாது என்பது அவர்கள் கணக்கு. அம்மா கல் உடைக்கப் போகத்தான் போகிறாள், பிள்ளை எங்கேயாவது இருந்துதான் தீரும் என்பது அதில் வருவதில்லை. பார்த்துக்கொள்ள ஆள் போதுமா, தண்ணீரும் நெருப்பும் கதவும் எப்படி இருக்கின்றன, யார் பெயரில் பொறுப்பு என்று கேட்க வேண்டியது பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போது. செத்த பிறகு கேட்கிறவர்களில் நானும் ஒருவன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஷெட்டைப் பிரித்த இரண்டாம் நாள், ராமநாதபுரத்துக்காரி கல்லுக்குப் போகவில்லை. கட்டைகளில் இருந்த பிள்ளைகளை அவிழ்த்துக் கூட்டி வந்து ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மேட் வந்து வேலை எங்கே என்றான்.

"இதுதான் வேலை."

"இதுக்கெல்லாம் ஆள் பேரு கெடையாது."

"போட்டுக்க. எம்புள்ள பேரு காலியாத்தான கெடக்கு, அதுல போட்டுக்க."

அவன் அவளை எழுப்பக் கையை நீட்டினான். ரோட்டில் சுத்தியல் சத்தம் நின்றது. பெண்கள் ஒருத்தியும் பேசவில்லை, எழுந்து வரவும் இல்லை. கல்லை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ரோடு நகராததால் மரம் காட்டுக்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள் அவள் பெயரும், கூட ஒரு தெலுங்குப் பெண்ணின் பெயரும் கூலி மஸ்டரில் ஏறின. ஒரு வாரத்தில் பலகைத் தரையோடு கூரை வந்தது. பொறுப்பாளி என்ற இடத்தில் யார் பெயரும் எழுதப்படவில்லை.

தண்ணீருக்கு மலையடிவாரத்து ஊற்றுக்குப் போக வேண்டும். ஏறி இறங்க ஒரு மணி நேரம். நான் கொண்டுவருகிறேன் என்று புதுக் குடத்தில் எடுத்து வந்து கூரைக்கடியில் இறக்கினேன். அவள் மனுவில் ரேகை வைத்த பிறகு என்னிடம் பேசியதே இல்லை. ஒரு டம்ளரில் மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"நீ குடி."

குடித்தேன்.

"இங்கயே உக்காரு."

மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குத் தாகம். குடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒன்று என் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "பானி, பானி," என்று அழுதது. அவள் அசையவில்லை. உச்சிவெயிலில் என் முன்னால் வந்து குந்தி, கண்ணைப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளைகளுக்கு ஊற்றினாள்.

மழைக்காலம் முழுக்கத் தினமும் அப்படித்தான் நடந்தது. காண்ட்ராக்டர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அது வசதியாகவே இருந்தது. ரோடு கழி வரைக்கும் வந்து முடிந்ததும் கேம்பை வேறு பக்கம் மாற்றினார்கள். அங்கே ஊற்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நீயும் வா என்று அவள் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. லாஞ்சில் ஏறிவிட்டேன். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் யார் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.